முரட்டுப் போலந்துக்காரர், மிடுக்கு ஆங்கிலேயர்: வான்போர்ப் படங்களில் நேச நாட்டார்

'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடரின் இரண்டாம் பகுதியில் ஒரு மதுக்கடைக் காட்சி வருகிறது. கதை நடப்பது 1943-இல். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், தோர்ப் ஆபட்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய தளத்துக்கு அமெரிக்காவின் 100-வது குண்டுவீச்சுக் குழு வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. கடைக்குள் அந்தக் குழுவின் விமானிகள் சிலர், பக்கத்திலேயே பிரிட்டிஷ் விமானப்படையினர் சிலர். பட்டப்பகலில் ஜெர்மனிக்கு மேலே பறப்பது தற்கொலை என்கிறார்கள் பிரிட்டிஷார். இருட்டில் போடுகிற குண்டு யார் தலையில் விழுகிறது என்று யாருக்குத் தெரியும் என்கிறார்கள் அமெரிக்கர்கள். பேச்சு தடித்து வாசலுக்கு வருகிறது. பிரிட்டிஷ்காரர் குத்துச்சண்டை அடவு பிடித்து நிற்கிறார். சற்று நேரத்தில் தரையில் கிடக்கிறார்.

2024 தொடக்கத்தில் ஆப்பிள் டிவி பிளஸில் இந்தத் தொடர் வந்தபோது பிரிட்டனில் பலர் முகம் சுளித்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி என்றாலே இழுத்து இழுத்துப் பேசுகிற, அடுத்தவரை மட்டம் தட்டுகிற ஆசாமியா என்பது அவர்களுடைய கேள்வி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் குத்தை விடும் அமெரிக்கராக நடித்தவர் பேரி கியோகன், டப்ளின்காரர். தலைமை அமெரிக்க வேடங்களில் ஒன்றை ஏற்ற கேலம் டர்னர் லண்டன்காரர். கதையைச் சொல்லிக்கொண்டு போகும் வழிகாட்டி அதிகாரி கிராஸ்பியாக வரும் ஆன்டனி பாயில் பெல்ஃபாஸ்ட்காரர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பிறந்தவர்கள் அமெரிக்க உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு வந்து பிரிட்டிஷ் மிடுக்கைத் தரையில் சாய்க்கிறார்கள்.

உச்சரிப்பு இருக்கட்டும். அந்த வாக்குவாதத்தின் உள்ளடக்கம்தான் முக்கியம். ஏனென்றால் மதுக்கடையில் பேசிய இரண்டு தரப்பும் சொன்னது சரி.

1939 டிசம்பர் 18 அன்று, போர் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், பிரிட்டன் 24 வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களைப் பகல் வெளிச்சத்தில் ஜெர்மனியின் வடகடற்கரைக்கு அனுப்பியது. இரண்டு விமானங்கள் இயந்திரக் கோளாறால் பாதி வழியில் திரும்பின. மீதி 22-இல் 12 வீழ்ந்தன. வானம் தெளிவாக இருந்தது, துணைக்குச் சண்டை விமானங்கள் இல்லை. நெருக்கமாக அணிவகுத்துப் பறந்தால் தம் துப்பாக்கிகளாலேயே எதிரியை விரட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அன்று ஒரு மதிய நேரத்தில் முடிந்துபோனது. பிரிட்டிஷார் இரவுக்கு மாறியதற்கு இதுதான் முதல் காரணம். 1942 ஏப்ரல் 17 அன்று மீண்டும் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 12 லங்காஸ்டர்கள் பகலில் ஆக்ஸ்பர்க் நகரத்துக்குப் போயின, ஏழு திரும்பவில்லை.

அமெரிக்கர்களின் குத்தலும் பொய்யில்லை. 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷாரே தம் இரவுக் குண்டுவீச்சுப் புகைப்படங்களைக் கணக்கெடுத்தார்கள். இலக்கைத் தாக்கினோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தது. பட் அறிக்கை என்று பெயர் பெற்ற அந்தத் தாள்கள் கைக்கு வந்தபோது பிரிட்டிஷ் தலைமையே ஆடிப்போனது. அதற்குப் பிறகுதான் தொழிற்சாலையைக் குறிவைப்பதை விட்டு நகரத்தையே குறிவைக்கும் முறை கொள்கையாக மாறியது.

ஆகவே மதுக்கடையில் மோதிக்கொண்டது இரண்டு நாட்டுக் குணங்கள் அல்ல. ஒருவருக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருந்தது. மற்றவருக்கு நார்டன் என்ற குண்டு குறிபார்க்கும் கருவி மீதும் தம் பி-17 குண்டுவீச்சு விமானம் பறக்கும் உயரத்தின் மீதும் நம்பிக்கை இருந்தது. 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாட்டில் சர்ச்சிலும் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். பகல் வேலையை விட்டுவிட்டு இரவுக்கு வந்துவிடக் கூடாதா என்றார். அமெரிக்கத் தளபதி ஐரா ஈக்கர் ஒரு பக்கத் தாளில் வாதத்தை எழுதிக் கொடுத்தார்: இரவில் நீங்கள், பகலில் நாங்கள், எதிரிக்கு மூச்சு விட நேரமே இருக்காது. சர்ச்சில் இணங்கினார். அடுத்து என்ன நடந்தது என்பதை நூறாவது குழுவே எண்ணிக்கையில் அனுபவித்தது. அக்டோபர் 10 அன்று மூன்ஸ்டர் நகரத்தைத் தாக்கப் போன அதன் விமானங்களில் ரோசென்தால் என்ற விமானியின் விமானம் ஒன்றுதான் தளத்துக்குத் திரும்பியது. நான்கு நாள் கழித்து ஷ்வைன்ஃபர்ட்டில் 291 விமானங்களில் 60 போயின. அமெரிக்கர்களின் துல்லியப் பெருமைக்கும் மூன்ஸ்டரே பதில் சொன்னது. அன்றைய குறி தொழிற்சாலை அல்ல, தொழிலாளர் குடியிருக்கும் நகர மையம்.

பகல் குண்டுவீச்சைக் கடைசியில் காப்பாற்றியது துணைக்குப் போன மஸ்டாங் சண்டை விமானம். திரையில் அது வானத்தில் பளபளக்கும்போது அமெரிக்க வீரத்தின் சின்னமாகத்தான் தெரியும். ஆனால் 1940-இல் அந்த விமானத்தை முதலில் கேட்டு வாங்கியது பிரிட்டிஷ் கொள்முதல் குழு. அதற்கு உயரத்தில் பறக்கும் வலுவைத் தந்தது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் இயந்திரம். அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் அதை உரிமம் பெற்றுத் தயாரித்தது. மதுக்கடை வழக்கின் தீர்ப்பு இப்படி இரண்டு நாட்டுப் பட்டறைகளிலிருந்து சேர்ந்து வந்தது. அதைப் படமாக்கினால் வரைபட மேசையும் கணக்குத் தாளும்தான் இருக்கும். ஒரு குத்தில் முடித்துவிடுவது சுலபம்.

வான்போர்ப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றுவது இதுதான். சொந்த நாட்டு விமானிக்குத் திரைக்கதை திறமையைக் கொடுக்கிறது: அவன் கற்கிறான், தவறுகிறான், தேறுகிறான். பக்கத்து நாட்டு நண்பனுக்குக் கொடுப்பது குணத்தை மட்டும். அவன் வந்து இறங்கும்போதே முரடனாகவோ மிடுக்கனாகவோ வாயாடியாகவோ இருக்கிறான். கடைசிவரை அப்படியே இருக்கிறான். நிஜத்தில் அவனிடம் இருந்த தொழில் அனுபவத்தைத் திரை அவனுடைய பிறவிச் சுபாவமாக மாற்றிவிடுகிறது. எதிரி நாட்டானை அரக்கனாகக் காட்டுவதை எல்லோரும் கவனிப்பார்கள், எழுதுவார்கள். நண்பனுக்கு நடக்கும் இந்தச் சுருக்கல் சிரிப்போடு கடந்துபோய்விடும்.

பிரிட்டிஷ்காரர் என்றால் இப்படி, அமெரிக்கர் என்றால் இப்படி என்கிற வார்ப்பு அச்சுகள் இரண்டும் போர்க்காலத்திலேயே தயாராகிவிட்டன. செய்தவர்கள் அதைத் தெரிந்தேதான் செய்தார்கள். 1942-இல் பிரிட்டனுக்குக் கப்பலேறிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அவர்களுடைய போர்த்துறை ஒரு கையேட்டைக் கொடுத்தது. பெருமை அடிக்காதே, ஆங்கிலேயர் பேசாமல் இருந்தால் அது வெறுப்பு அல்ல, அவர்கள் போடும் காபி மோசம் என்றால் நீ போடும் டீயும் மோசம், சரிக்குச் சரி என்றெல்லாம் அதில் அறிவுரை. பிரிட்டிஷார் பங்குக்கு, அமெரிக்கர்களுக்குச் சம்பளமும் சபலமும் மிதமிஞ்சிப் போச்சு, போதாததற்கு இங்கே வந்து உட்கார்ந்தும் ஆச்சு என்று கேலி பேசினார்கள். சம்பள வித்தியாசம் உண்மை. வயிற்றெரிச்சலும் உண்மை.

இந்த உரசலைத் தணிக்கத்தான் பிரிட்டனில் படங்கள் எடுத்தார்கள். 1945-இல் வந்த 'தி வே டு தி ஸ்டார்ஸ்' படத்தில் ஒரே விமானத்தளம் பிரிட்டிஷார் கையிலிருந்து அமெரிக்கர்கள் கைக்கு மாறுகிறது. வாயாடி அமெரிக்கர் ஒருவர், அடக்கமான அமெரிக்கர் ஒருவர் என்று இரண்டு வார்ப்புகளை அருகருகே வைத்து, உள்ளே எல்லோரும் நல்லவர்களே என்று சமாதானம் சொல்கிறது படம்.

மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் 1946-இல் தந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' வேறு ரகம். ஆங்கிலோ-அமெரிக்க நட்புக்கு ஒரு படம் வேண்டும் என்று தகவல் அமைச்சகம் கேட்டுக்கொண்டதில் முளைத்த கதை அது. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானி ஒருவர் எரியும் விமானத்திலிருந்து ரேடியோவில் அமெரிக்கப் பெண்ணோடு பேசுகிறார், காதல் பிறக்கிறது, சாக வேண்டியவர் சாகவில்லை. மேலுலகத்தில் வழக்கு நடக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் குண்டுக்கு முதலில் பலியான அமெரிக்கர். அவர் ஆங்கிலேயரின் லட்சணத்துக்குச் சாட்சியாக ரேடியோவைத் திருப்பி, தூங்கி வழியும் கிரிக்கெட் வர்ணனையைப் போட்டுக் காட்டுகிறார். எதிர்த்தரப்பு உடனே ஒரு அமெரிக்கப் பாட்டைப் போட்டுக் காட்டுகிறது, அவருக்கே பொறுக்கவில்லை. நாட்டு அச்சுகளைக் கதைக்குள் ஒளித்து வைக்காமல், நீதிமன்றத்தில் தடயப் பொருளாக மேசைமேல் தூக்கி வைத்த வேறொரு வான்போர்ப் படத்தை நான் பார்த்ததில்லை. அந்த வழக்கின் முதல் ஜூரிகள் பிரிட்டன் மீது தீராத பகை உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள்: பிரெஞ்சுக்காரர், தென்னாப்பிரிக்க போயர், ரஷ்யர், சீனர், ஐரிஷ்காரர், இவர்களோடு ஒரு இந்தியர். நம் ஆள் அங்கே நேச நாட்டு விமானியாக இல்லை, கணக்குத் தீர்க்க வந்தவராக உட்கார்ந்திருக்கிறார். 1946-இல் வந்த பிரிட்டிஷ் படத்துக்கு அது தைரியம்தான்.

போலந்துக்காரர்களுக்கு இப்படி ஒரு நீதிமன்றம் கிடைக்கவில்லை. அவர்களுடைய திரைமுகத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது கய் ஹாமில்டன் இயக்கிய 1969-ஆம் ஆண்டுப் படம், 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்'. பயிற்சிக்காகப் பறக்கும் போலந்து விமானிகள் ரேடியோவில் தம் மொழியில் கலகலவென்று பேசிக்கொண்டே வருகிறார்கள். முன்னால் போகும் பிரிட்டிஷ் அதிகாரி வாயை மூடச் சொல்லித் தவிக்கிறார். தூரத்தில் ஜெர்மன் விமானங்கள் தெரிகின்றன. கிட்டப் போகாதே, திரும்பு என்கிறது உத்தரவு. மறுபடியும் சொல்லுங்கள் என்று கடித்த ஆங்கிலத்தில் பதில் வருகிறது. ஒருவர் பின் ஒருவராக வரிசையை விட்டுக் கழன்று எதிரி மேல் பாய்கிறார்கள். அரங்கத்தில் சிரிப்பு. பாராசூட்டில் வயலில் இறங்கும் போலந்து விமானி ஒருவர் மரியாதையாக வணக்கம் சொல்ல, கவைக்கம்போடு வந்த ஆங்கில விவசாயிகள் அவரை ஜெர்மானியர் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு சிரிப்பு.

இதற்கு மூலமான சம்பவம் நடந்தது 1940 ஆகஸ்ட் 30 அன்று. நார்தோல்ட் தளத்தில் இருந்த 303-வது போலந்துப் படைப்பிரிவு, பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்களை எதிரியாகப் பாவித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. தலைமையில் பிரிட்டிஷ் அதிகாரி ரொனால்ட் கெல்லட். எதிரி விமானங்களைப் பார்த்த லுட்விக் பாஷ்கியேவிச் ரேடியோவில் சொன்னார், பதில் வராததால் தனியாக விலகிப்போய் ஒன்றை வீழ்த்தினார். போனவர் அவர் ஒருவர்தான். மற்ற போலந்துக்காரர்கள் உத்தரவுப்படி பிளென்ஹைம்களுக்குக் காவலாகத் தளத்துக்குத் திரும்பினார்கள். பாஷ்கியேவிச்சுக்குக் கண்டிப்பும் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. மறுநாளே படைப்பிரிவு போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. ஒருவர் விலகினார், மற்றவர்கள் கட்டுப்பட்டார்கள் என்ற நிகழ்வு, திரைக்கு வரும்போது மொத்தப் படையும் கட்டவிழ்ந்ததாக மாறிவிட்டது. பாஷ்கியேவிச் ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 27 அன்று, வானிலேயே மாண்டார்.

முரட்டுத்தனம் என்று திரை காட்டியது எது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானங்களின் எட்டுத் துப்பாக்கிகளும் ஏறக்குறைய 400 யார்டு தூரத்தில் குண்டுகள் கூடும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தன. போலந்துக்காரர்கள் தம் நாட்டில் ஓட்டியது பி.இசட்.எல். பி.11 என்ற பழைய விமானம். சக்கரம் உள்ளே மடங்காது, துப்பாக்கி இரண்டோ நான்கோதான். அதை வைத்துக்கொண்டு எதையாவது வீழ்த்த வேண்டுமானால் எதிரியின் வால் முகத்துக்கு முன் வரும்வரை நெருங்கியாக வேண்டும். அப்படித்தான் பழகினார்கள். எட்டுத் துப்பாக்கி கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, போகவும் தேவையில்லை. பிரிட்டிஷ் விமானிகளே பலர் பிறகு தம் துப்பாக்கிகளை 250 யார்டுக்குத் திருத்திக்கொண்டார்கள். போலந்து விமானிகள் 1939 செப்டம்பரில் வார்சாவுக்கு மேலேயும், 1940-இல் பிரான்சிலும் போரிட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு வகுப்பெடுத்த பிரிட்டிஷ் விமானிகளில் பலர் அதுவரை எதிரியைக் கண்ணால் கண்டதில்லை.

மொழிச் சிரிப்பும் அப்படித்தான். உண்மையான தலைவலி பேச்சில் மட்டும் இல்லை, கையிலும் இருந்தது. வேக மானியில் கிலோமீட்டர் பார்த்தவர்கள் மைல் பார்க்க வேண்டும், மீட்டரில் உயரம் கணித்தவர்கள் அடியில் கணிக்க வேண்டும். மடங்காத சக்கரத்தோடு பறந்து பழகியவர்களுக்குத் தரையிறங்கும்போது சக்கரத்தை இறக்க வேண்டும் என்ற நினைப்பே வராது. சிலர் விமானத்தின் வயிறு தரையில் உரச இறங்கினார்கள். பிரெஞ்சு விமானங்களில் வேகம் கூட்டும் கைப்பிடியை இழுக்க வேண்டும், பிரிட்டிஷ் விமானத்தில் தள்ள வேண்டும். நெருக்கடியில் கை தானாகப் பழைய பக்கம் போனால் உயிர் போகும். இதையெல்லாம் சில வாரங்களில் மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் சாதனை. படத்தில் அதற்கு இடமில்லை. 'ரிப்பீட் ப்ளீஸ்' வசனத்துக்கு இருந்தது.

1940-இல் பிரிட்டன் வானில் ஜெர்மனியோடு நடந்த பிரிட்டன் போரில் பறந்த போலந்து விமானிகள் 145 பேர். 303-வது பிரிவு ஆறு வாரத்தில் 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. பிற்கால ஆய்வில் அந்த எண் வெகுவாகச் சுருங்கியது, மற்றப் பிரிவுகளின் எண்ணும் அப்படியே சுருங்கியது. சுருங்கிய பிறகும் 303 முன்வரிசையில்தான். அதன் உச்ச வீரர்களில் ஒருவர் போலந்துக்காரரே அல்ல. 17 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள யோசெஃப் ஃபிரான்டிசெக் என்ற செக் நாட்டவர்.

அந்தப் பிரிவின் சின்னத்தை உற்றுப் பார்த்தால் இன்னொரு கதை கிடைக்கும். போலந்து விவசாயிப் படையின் தொப்பியும் குறுக்கே வைத்த அரிவாள்களும் நடுவில். சுற்றிலும் அமெரிக்கக் கொடியின் 13 நட்சத்திரங்களும் கோடுகளும். 1919-இல் சோவியத் படைகளோடு போலந்து போரிட்டபோது உதவிக்குப் போன அமெரிக்க விமானிகள் உருவாக்கிய படைப்பிரிவின் வாரிசு அது. அந்த அமெரிக்கர்களில் மெரியன் கூப்பர் என்பவர் பின்னாளில் ஹாலிவுட் போய் 'கிங் காங்' எடுத்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் குரங்கைச் சுடும் விமானங்களில் ஒன்றில் விமானியாக அவரே வருவார். போலந்தில் போரிட்ட அமெரிக்க விமானி கிங் காங்கைச் சுட்டார். போலந்து வானத்தைப் பற்றி மட்டும் ஹாலிவுட் மறந்துபோனது.

போருக்குப் பிந்தைய கதை 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' முடிந்த இடத்துக்கு வெளியே இருக்கிறது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. பிரிட்டன் அதற்குள் வார்சாவின் கம்யூனிஸ்ட் சார்பு அரசை ஏற்றுக்கொண்டுவிட்டதால், மேற்கில் போரிட்ட போலந்துப் படைகளுக்கு அழைப்பில்லை. விமானப்படையினர் சிலரை மட்டும் கூப்பிட்டார்கள். தரைப்படைத் தோழர்கள் வராத இடத்துக்கு நாங்களும் வரவில்லை என்று அவர்கள் மறுத்தார்கள். 2018-இல் ஒரே ஆண்டில் பிரிட்டிஷ் தரப்பிலிருந்து 'ஹரிக்கேன்', போலந்திலிருந்து '303' என்று இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் போலந்து விமானி நாயகன். ஆனால் அச்சு உடையவில்லை, பக்கம் மாறிக்கொண்டது. இப்போது ஆங்கில அதிகாரிதான் ஒன்றும் புரியாத ஆசாமி. 'ஹரிக்கேன்' படத்தின் தலைமைப் போலந்து விமானியாக நடித்தவர் வேல்ஸ்காரர் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

பக்கம் மாறிய அச்சை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் யான் ஸ்வெராக் இயக்கிய செக் படமான 'டார்க் புளூ வேர்ல்ட்' (2001) இருக்கிறது. ஜெர்மானியரிடமிருந்து தப்பி வந்த செக் விமானிகளை பிரிட்டிஷார் வகுப்பறையில் உட்காரவைக்கிறார்கள். வயதான ஆங்கில ஆசிரியை, சிறுபிள்ளைகளைப் போலச் சேர்ந்து ஒப்பிக்கும் போர் விமானிகள். பிறகு சைக்கிள்களில் மர இறக்கை கட்டிப் புல்வெளியில் அணிவகுப்புப் பயிற்சி. மிகை என்று தோன்றும். ஆனால் ரேடியோ பொருத்திய மூன்று சக்கர வண்டிகளை மைதானத்தில் ஓட்டித் தரைக்கட்டுப்பாட்டு உத்தரவுகளைப் பழகிய பயிற்சி நிஜமாகவே இருந்தது. இதிலும் பிரிட்டிஷ் கமாண்டர் விறைப்பானவர்தான். ஆனால் இந்தப் படத்துக்கு அவரைக் கேலி செய்வது நோக்கமில்லை. படம் தொடங்குவதே 1950-இல், செக்கோஸ்லோவாக்கியாவின் மீரோவ் சிறையில். பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த குற்றத்துக்காகச் சொந்த நாட்டு அரசே விமானியை உள்ளே தள்ளியிருக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போது ஆங்கிலேயரின் விறைப்புகூட ஒரு நல்ல கால நினைவாகத்தான் படுகிறது. வெளிநாட்டு அச்சு எந்த நாட்டுப் படத்துக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சின்னச் செய்தி: இந்தப் படத்தின் வான்சண்டைகளில் சில, 1969 படத்துக்காகச் சுட்டு, பயன்படுத்தாமல் விட்ட காட்சித் துண்டுகள். அதே மேகங்களுக்குள் இந்த முறை செக்குகள் நாயகர்கள்.

அமெரிக்கத் தன்னார்வலர் பிரிட்டிஷாருக்குப் பாடம் எடுப்பது இன்னொரு பழைய அச்சு. 2001-இன் 'பேர்ல் ஹார்பர்' படத்தில் அமெரிக்க நாயகன் பிரிட்டிஷ் ஈகிள் படைப்பிரிவில் சேர்ந்து பறக்க, உன்னைப் போல ஆட்கள் இருக்கும் நாட்டோடு மோதுகிறவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்கிற தொனியில் பிரிட்டிஷ் அதிகாரியே சான்றிதழ் கொடுக்கிறார். இதற்கு நேர்மாறாக, 1988-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'பீஸ் ஆஃப் கேக்' தொடரில் அமெரிக்கருக்குக் குணத்துக்குப் பதில் தொழிலறிவு கிடைத்தது: ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பறந்த அனுபவத்தை வைத்து, பிரிட்டிஷாரின் நெருக்கமான மூவரணி ஆளைக் கொல்லும் என்கிறார், அது கொல்லவும் செய்கிறது. பிரிட்டிஷ் முன்னாள் விமானிகளுக்கு அந்தத் தொடர் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

முத்திரையே குத்தப்படாதவர்கள் கதி என்ன? கனடியர்களைப் பார்த்தால் போதும். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மாண்ட 55,573 பேரில் ஏறத்தாழ 10,000 பேர் கனடிய விமானப்படையினர். நேச நாட்டு விமானப் பணியாளர்கள் 1,31,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி தந்ததும் கனடா. திரையில் அவர்களைத் தேடினால் கிடைப்பது சொற்பம். உச்சரிப்பு அமெரிக்கரைப் போல இருக்கும், சீருடை பிரிட்டிஷாரைப் போல இருக்கும். கேலி செய்யப் பிடி கிடைக்காது, பிடி கிடைக்காததால் வசனமும் கிடைக்காது. 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் கிறிஸ்டஃபர் பிளம்மர் நடித்த பாத்திரம் கனடியர். தோளில் 'கனடா' என்ற பட்டை உண்டு. படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? போலந்துக்காரரை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்தியர்களுக்கு அந்தத் தோள்பட்டையும் இல்லை. 1940-இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குப் போனார்கள். அவர்களில் மொகிந்தர் சிங் புஜ்ஜி தலைப்பாகையை அவிழ்க்காமல் அதன் மேலேயே ரேடியோ காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஹரிக்கேன் சண்டை விமானம் ஓட்டினார். மாற்றுத் தலைப்பாகை ஒன்றைக் கூடவே வைத்திருப்பாராம். கிரேவ்சென்ட் நகரத்தில் 2014-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். நம் ஊர்ப் பெயரும் அந்தப் படையில் பறந்தது. போர்நிதிக்குப் பணம் தந்த பகுதிகளின் பெயரைப் படைப்பிரிவுகளுக்கு வைக்கும் வழக்கப்படி 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகள் 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைத் தாங்கின. 102-வது குண்டுவீச்சுப் பிரிவுக்கு 'சிலோன்' என்று பெயர். ஊர்க்காரர்கள் இல்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் போய்வந்த கதை அது.

கடைசியாக ஒரு சிறைமுகாம். நூறாவது குழுவின் நாயகர்கள் பிடிபட்டுப் போய்ச் சேரும் ஸ்டாலாக் லுஃப்ட் 3-தான் 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தின் களமும். 1944 மார்ச் 24 இரவு சுரங்கம் வழியாக 76 விமானப்படையினர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். பிடிபடாமல் தப்பியவர்கள் மூன்றே பேர்: இரண்டு நார்வேகாரர்கள், ஒரு டச்சுக்காரர். படத்தில் அந்த மூவரும் போலந்துக்காரராகவும் ஆங்கிலேயராகவும் ஆஸ்திரேலியராகவும் மாறிவிட்டார்கள். நார்வேகாரர் என்றால் எப்படிப் பேசுவார், எப்படிச் சிரிப்பார் என்று பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இல்லை, போலந்துக்காரருக்கு இருந்தது. அமெரிக்கர்களைப் பல மாதங்களுக்கு முன்பே வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். படத்திலோ அவர்கள் ஜூலை நான்காம் தேதி திருட்டுச் சாராயம் காய்ச்சி ஆங்கிலேயருக்கு ஊற்றுகிறார்கள், மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டப் பார்க்கிறார்கள்.

படத்தில் சுரங்க மன்னன் என்று பேர் வாங்குவது டேனி என்ற போலந்து விமானி. வேடம் ஏற்றவர் சார்லஸ் பிரான்சன். சிறுவயதில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் நிஜமாகவே வேலை பார்த்தவர். முகாமில் அந்தச் சுரங்கங்களை வகுத்துத் தோண்டியவர்களின் தலைவர் வாலி ஃப்ளூடி. கனடியர், போருக்கு முன் ஒன்டாரியோவின் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். தப்பும் நாளுக்குச் சற்று முன் அவரை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதால் உயிர் பிழைத்தார். சுட்டுக் கொல்லப்பட்ட ஐம்பது பேரில் ஆறு பேர் அவருடைய நாட்டவர்கள். படப்பிடிப்பு தொடங்கியபோது ஃப்ளூடியைத் தொழில்நுட்ப ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். போனார். பலகை அடித்த விதம் சரியா, மண்ணை இழுக்கும் தள்ளுவண்டி சரியா, உள்ளே ஒருவர் தவழும் அளவு சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். அந்தக் குழிக்குள் அவருடைய இடத்தில் ஒரு போலந்துக்காரர் தவழ்ந்துகொண்டிருந்தார்.